தேவை 2 ஃபீல்டு, எடுத்தது 41

சில வருஷத்துக்கு முன்னாடி நடந்தது இது, ஆனா இன்னைக்கும் "உங்களுக்கு டேட்டாபேஸ் ஆக்சஸ் குடுத்தாச்சு"ன்னு ஒரு மெயில் வந்தா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இதுதான்.

அப்ப நான் கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் பண்ற ஒரு கம்பெனில இருந்தேன். ஒரு பக் வந்துச்சு, சில பேஷன்ட்டுகளுக்கு மட்டும் அப்பாயின்ட்மென்ட் தேதி ஒரு நாள் முன்னாடி காட்டுது. புதன்கிழமை வரவேண்டியவங்க செவ்வாய்க்கிழமையே வந்து நிக்கறாங்க, ரிசப்ஷன்ல "உங்க பேர் இன்னைக்கு லிஸ்ட்ல இல்லயே"ன்னு திருப்பி அனுப்பறாங்க, வந்தவங்க லீவு போட்டுட்டு வந்திருப்பாங்க, வலியைப் பொறுத்துக்கிட்டு வந்திருப்பாங்க. சீக்கிரம் சரி பண்ணியே ஆகணும்னு எல்லாருக்கும் ப்ரஷர். டெஸ்ட் டேட்டாவை வெச்சு எவ்வளவு முயற்சி பண்ணியும் அந்த பக் வரவே மாட்டேங்குது. அப்ப லீடு சொன்னார், "ப்ரொடக்‌ஷன் டம்ப் எடுத்து வெச்சிருக்கேன், லிங்க் போடறேன், உன் மெஷின்ல ரிஸ்டோர் பண்ணிப் பாரு". டம்ப்னா நிஜ பேஷன்ட்டுகளோட டேட்டாபேஸை அப்படியே முழுசா எடுத்த காப்பி. குரூப் சாட்ல லிங்க் வந்துச்சு, நாலு பேர் டவுன்லோட் பண்ணோம். யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நானும் கேக்கல.

ரிஸ்டோர் ஆகி முடிஞ்சதும் பேஷன்ட் டேபிளைத் திறந்தேன். பேரு, பொறந்த தேதி, போன் நம்பர், அட்ரஸ், எந்த டாக்டர், எந்தத் துறை, டாக்டர் எழுதின நோட்ஸ், எல்லாம் வரிசையா இருக்கு. பக் வர்ற தேதியைத் தேடிக்கிட்டே ஸ்க்ரோல் பண்ணிட்டு வர்றேன், நடுவுல ஒரு பேரு கண்ணுல பட்டுச்சு. காலேஜ்ல என்கூடப் படிச்சவளோட பேரு. அது வேற யாராவதா இருக்கும்னு நினைச்சு பக்கத்துல போன் நம்பரைப் பார்த்தேன், என் போன்ல சேவ் பண்ணியிருக்கற அதே நம்பர். துறைங்கற எடத்துல மனநலம்னு இருந்துச்சு. பக்கத்துலயே நோட்ஸ். ஸ்க்ரீன் அகலம் பத்தாததால முதல் ஏழெட்டு வார்த்தைதான் தெரிஞ்சுது, அந்த ஏழெட்டு வார்த்தையே போதுமா இருந்துச்சு.

லேப்டாப்பை மூடிட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே உக்கார்ந்திருந்தேன். அந்த வருஷம் அவ ரெண்டு மூணு மாசம் யார் கூடவும் பேசாம இருந்தா, நாங்க எல்லாரும் "ஏன் இப்படி மாறிட்டா"ன்னு பேசிக்கிட்டோம், யாருக்கும் அவ ஒண்ணும் சொல்லல, சொல்ல வேண்டாம்னு அவ முடிவு பண்ணியிருந்தா. அவ ஒரே ஒரு டாக்டர்கிட்ட கதவைச் சாத்திக்கிட்டு சொன்ன விஷயம் இது. அது எந்தத் தடையும் இல்லாம என் மடியில இருக்கற லேப்டாப்புக்கு வந்து சேர்ந்திருக்கு. யாரும் ஹேக் பண்ணல, எந்த பாஸ்வேர்டும் திருடு போகல, ஃபயர்வால்ல ஓட்டை விழல. கம்பெனியோட சிஸ்டம் எல்லாம் ஒழுங்கா ஓடிக்கிட்டிருக்கும்போதுதான் இது நடந்துச்சு.

மறுநாள் லீடுகிட்ட போய்ச் சொன்னேன், யாரு என்னன்னு சொல்லாம, தெரிஞ்சவங்க ஒருத்தரோட ரெக்கார்டு பார்த்துட்டேன், இப்படி முழு டம்ப் எடுக்கறது சரியில்லன்னு தோணுதுங்கன்னு. அவர் கெட்டவர் கிடையாது, நிதானமா கேட்டுட்டு, "நாம எல்லாரும் என்டிஏல கையெழுத்து போட்டிருக்கோம்ல, வெளிய சொல்லப்போறது இல்லயே" அப்படின்னார். என்டிஏன்னா கம்பெனி ரகசியத்தை வெளிய சொல்ல மாட்டேன்னு போடற ஒப்பந்தம். அப்போதைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ரொம்ப நாள் யோசிச்சப்புறம்தான் என் பதில் எனக்கே புரிஞ்சுது. நான் வெளிய சொல்லுவேனா மாட்டேனாங்கறது ரெண்டாவது கேள்வி. எனக்கு அது தெரிஞ்சதே தப்பு. அவளுக்குச் சேரவேண்டிய ஒண்ணு, எனக்குத் தெரியலாமா கூடாதாங்கற முடிவு, அவகிட்ட கேக்காமலேயே எடுக்கப்பட்டிருக்கு. அந்த என்டிஏ கம்பெனிக்கும் எனக்கும் நடுவுல இருக்கற காகிதம், அவ அதுல எங்கயும் கிடையாது.

பக் என்னன்னு சொல்லணும், ஏன்னா விஷயமே அதுலதான் இருக்கு. அப்பாயின்ட்மென்ட் தேதியை ராத்திரி 12 மணின்னு நேரத்தோட சேர்த்து சேமிக்கறோம், அதை உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாத்தி வெக்கறோம், திரும்பக் காட்டும்போது அந்த கிளினிக்கோட டைம்ஸோனுக்கு மாத்திக் காட்டணும். சில கிளினிக்குகளுக்கு டைம்ஸோன் ஃபீல்டு, அதாவது அந்த விவரம் இருக்கவேண்டிய கட்டம், காலியா இருந்துச்சு. காலியா இருந்தா, காட்டும்போது கோடு யுடிசியையே எடுத்துக்குது, யுடிசியை விட முன்னாடி போற எல்லா ஊருக்கும் அந்த நடுராத்திரி முந்தின நாள்ல போய் விழுந்துடுது. எங்க டெஸ்ட் டேட்டால எல்லா கிளினிக்குக்கும் டைம்ஸோன் ஒழுங்கா நிரப்பி வெச்சிருந்ததால அது எங்களுக்குத் தெரியவே வரல, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்குத் தேவைப்பட்டது ரெண்டே ரெண்டு ஃபீல்டு, அப்பாயின்ட்மென்ட் நேரமும் கிளினிக்கோட டைம்ஸோனும். ஒரு சந்தேகத்துக்கு உக்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், பேஷன்ட் டேபிள், கிளினிக் டேபிள் ரெண்டுலயும் சேர்த்து மொத்தம் 41 ஃபீல்டு என் மெஷினுக்கு வந்திருந்துச்சு. மீதி 39 ஃபீல்டு எதுக்குன்னு கேட்டா எந்தக் காரணமும் கிடையாது. மொத்தமா எடுக்கறது ஒரே கமாண்டு, பிரிச்சு எடுக்கறதுன்னா அரை மணி நேரம் உக்கார்ந்து எழுதணும், அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அவளோட நோட்ஸ் என்கிட்ட வந்துச்சு.

செக்யூரிட்டின்னு பேச ஆரம்பிச்சாலே நாம என்க்ரிப்ஷன், ஃபயர்வால், ஹேக்கர்னு போயிடறோம், அதெல்லாம் முக்கியம்தான், நான் அதை வெச்சுத்தான் சம்பளம் வாங்கறேன். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, இது நமக்கு வேணுமா, எதுக்கு வேணும், எவ்வளவு நாளைக்கு வேணும்னு கேக்கற எடம் ஒண்ணு இருக்கு. அறம்ங்கறது அந்த எடத்துலதான் இருக்குன்னு நான் நம்பறேன். 2009ல ராக்யூன்னு ஒரு கம்பெனிலேர்ந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டு வெளிய போச்சு, எல்லாம் அப்படியே படிக்கற மாதிரி எழுத்துல. பாஸ்வேர்டை யாரும் படிக்கற வடிவத்துல வெச்சுக்க வேண்டிய அவசியமே எந்தக் கம்பெனிக்கும் கிடையாது, ஹேஷ் பண்ணி, அதாவது திரும்பப் படிக்க முடியாத எழுத்துக்கோவையா மாத்தி வெச்சுட்டு, அடுத்த தடவை டைப் பண்ணும்போது அதையும் ஹேஷ் பண்ணி ஒப்பிட்டுப் பார்த்தா முடிஞ்சுது வேலை. வெச்சிருக்கவே தேவையில்லாததை வெச்சிருந்தாங்க, அதுதான் போச்சு.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் நான் ஒரு மாஸ்க்கிங் ஸ்க்ரிப்ட் எழுதினேன். ப்ரொடக்‌ஷன்லேர்ந்து டேட்டா வெளிய வர்றதுக்கு முன்னாடி பேரை மாத்தும், போன் நம்பரை மாத்தும், நோட்ஸைத் தூக்கிடும். எழுதி முடிச்சப்ப மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு, இனிமே யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாதுன்னு. அப்பதான் லட்டான்யா ஸ்வீனிங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி பண்ணின ஆராய்ச்சியைப் படிச்சேன், நிம்மதி போயிடுச்சு.

1990கள்ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல அரசு ஊழியர்களோட மருத்துவ இன்சூரன்ஸ் ரெக்கார்டுகளை ஆராய்ச்சிக்குன்னு குடுத்தாங்க. பேரு, அட்ரஸ் எல்லாம் எடுத்துட்டோம், யாருக்கும் ஆபத்தில்லன்னு கவர்னர் வில்லியம் வெல்டே உறுதி சொன்னார். ஸ்வீனி அப்ப எம்ஐடியில படிச்சுக்கிட்டிருந்த மாணவி. கவர்னர் கேம்பிரிட்ஜ் நகரத்துல குடியிருக்கார்னு தெரியும், அந்த ஊரோட வாக்காளர் பட்டியலை 20 டாலர் குடுத்து வாங்கினாங்க. அதுல அவரோட பொறந்த தேதி உள்ளவங்க 6 பேர், அதுல ஆம்பளைங்க 3 பேர், அவரோட ஜிப் கோடுல, அதாவது நம்ம பின்கோடு மாதிரி ஏரியா எண்ல, இருக்கறது ஒரே ஒருத்தர். பேரே இல்லாத அந்த ரெக்கார்டுல எது கவர்னரோடதுன்னு கண்டுபிடிச்சு, அவரோட ஆபீசுக்கே அனுப்பி வெச்சாங்க. அப்புறம் 2000ல வெளியிட்ட கட்டுரைல, பொறந்த தேதி, ஆணா பெண்ணா, 5 இலக்க ஜிப் கோடு, இந்த மூணும் சேர்ந்தாலே அமெரிக்க மக்கள்ல 87 சதவீதம் பேரைத் தனியா அடையாளம் காட்டிடும்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க.

என் ஸ்க்ரிப்ட்ல பேரு மாறியிருந்துச்சு, பொறந்த தேதியும் அட்ரஸும் அப்படியே இருந்துச்சு. திரும்ப உக்கார்ந்து மாத்தினேன், பொறந்த தேதியில வருஷம் மட்டும், அட்ரஸே கிடையாது, துறை வேணும்னு யாராவது கேட்டா ஏன்னு எழுதிக் குடுக்கணும். டீம்ல சிலருக்கு எரிச்சல், "இவ்வளவு வெட்டிட்டா எப்படி டெஸ்ட் பண்றது"ன்னு. அவங்க கேட்டதுலயும் நியாயம் இருக்கு, வெட்ட வெட்ட நிஜத்துல வர்ற பிரச்சினை டெஸ்ட்ல வராமப் போகும், எங்க டைம்ஸோன் பக்கே அதுக்கு சாட்சி. அதுக்கு வழி இருக்கு, காலியா இருக்கற ஃபீல்டு, நீளமான பேரு, தப்பான தேதின்னு நிஜ டேட்டால என்னென்ன கோணல் இருக்குன்னு எண்ணிக்கையா மட்டும் எடுத்து, அதே கோணலோட பொய் டேட்டா உருவாக்கலாம். வேலை அதிகம்தான். ஆனா அந்த வேலையை நாம செய்யலன்னா அதுக்கான விலையைக் குடுக்கப்போறது நமக்கு முகம் தெரியாத யாரோ.

அந்த விலை எப்படி இருக்கும்னு ஃபின்லாந்துல நடந்ததைப் பார்த்தா தெரியும். வஸ்தாமோன்னு ஒரு சைக்கோதெரபி நிறுவனம். அவங்க டேட்டாபேஸ் சரியான பாதுகாப்பு இல்லாம இன்டர்நெட்டுல திறந்து கிடந்திருக்கு, ஒருத்தன் உள்ள போய் எல்லாத்தையும் எடுத்துட்டான். 2020ல முதல்ல கம்பெனிகிட்ட பணம் கேட்டு மிரட்டினான், அவங்க குடுக்கலன்னதும் நேரா பேஷன்ட்டுகளுக்கே மெயில் அனுப்பினான், 200 யூரோ பிட்காயினா அனுப்பு, இல்லன்னா நீ தெரபிஸ்ட்கிட்ட பேசினதை எல்லாம் வெளிய விட்டுடுவேன்னு. பாதிக்கப்பட்டவங்க 30,000 பேருக்கு மேல. உன் மனசுல இருந்ததை நீ ஒருத்தர்கிட்ட நம்பிச் சொன்ன, அது உன் இன்பாக்ஸுக்கே மிரட்டலா திரும்பி வருது. கம்பெனி திவாலாச்சு, 2024ல அந்த ஆளுக்கு 6 வருஷத்துக்கு மேல தண்டனை குடுத்தாங்க. ஆனா வெளிய போன நோட்ஸை யாராலயும் திரும்ப உள்ள கொண்டுவர முடியாது. கிரெடிட் கார்டு நம்பர் போனா புது கார்டு வாங்கிக்கலாம், சொன்ன துக்கத்தை எப்படி மாத்தி வாங்கறது. இந்தச் செய்தியைப் படிச்ச ராத்திரி எனக்கு அந்த ஏழெட்டு வார்த்தைதான் ஞாபகம் வந்துச்சு, சரியா தூங்கவே முடியல.

திருடன் வந்தாத்தான் ஆபத்துன்னும் கிடையாது. ஒரு காரணத்துக்குன்னு சேர்த்த டேட்டாவுக்கு இன்னொரு காரணம் தானா தேடி வரும். கொரோனா சமயத்துல சிங்கப்பூர் அரசு ட்ரேஸ்டுகெதர்னு ஒரு ஆப் விட்டாங்க, யாருக்குப் பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு ப்ளூடூத் மூலமா பதிவு பண்ணும், தொற்று வந்தவங்களோட தொடர்புல இருந்தவங்களைக் கண்டுபிடிக்க மட்டும்தான் இதுன்னு சொன்னாங்க, ஜனங்க நம்பி போட்டுக்கிட்டாங்க. 2021 ஜனவரியில பார்லிமென்ட்ல, குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸும் அந்த டேட்டாவைக் கேட்டு வாங்க முடியும்னு சொன்னாங்க. முன்னாடி உறுதி குடுத்த மந்திரி விவியன் பாலகிருஷ்ணன், அந்தச் சட்டத்தைப் பத்தி அப்ப தான் யோசிக்கலன்னு ஒத்துக்கிட்டார். நான் அதை நம்பறேன், அவர் பொய் சொல்லணும்னு நினைச்சிருக்க மாட்டார். அடுத்த மாசமே தனிச் சட்டம் போட்டு கொலை மாதிரி கடுமையான குற்றங்களுக்கு மட்டும்னு சுருக்கினாங்க. ஆனா போலீஸ் கேட்டா எடுத்துக் குடுக்கற மாதிரி அந்த அமைப்பு இருந்துச்சுங்கறதுதான் எனக்கு உறுத்துது.

அதே பிரச்சினைக்கு 2020ல ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து பண்ணின டிசைன் வேற. ஒவ்வொரு போனும் சுமார் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறிக்கிட்டே இருக்கற ஒரு ராண்டம் எண்ணை ப்ளூடூத்ல அனுப்பும், பக்கத்துல இருக்கற போன் அதைக் கேட்டு தனக்குள்ளயே வெச்சுக்கும். யாருக்காவது தொற்று வந்து, அவங்க சம்மதிச்சாங்கன்னா, அவங்க எண்களை உருவாக்கின சாவி மட்டும் சர்வருக்குப் போகும், மத்த போன்கள் அதை இறக்கி, நான் கேட்ட எண் இதுல இருக்கான்னு தனக்குள்ளயே ஒப்பிட்டுப் பார்க்கும். யாரு யாரைப் பார்த்தாங்கங்கற பட்டியல் எந்த சர்வர்லயும் இல்ல. போலீஸ் வந்து கேட்டாலும், ஹேக்கர் உள்ள வந்தாலும், கம்பெனி முதலாளி மாறினாலும், எடுத்துக் குடுக்க அங்க ஒண்ணும் இருக்காது. சுகாதாரத் துறைகளுக்கு இதுல ஒரு குறை இருந்துச்சு, யாருக்குப் பின்னாடி யாரைத் தேடிப் போகணும்னு அவங்களால பார்க்க முடியல, அந்த வாதத்தை நான் ஒதுக்க மாட்டேன். இருந்தாலும் வாக்குறுதியை மனுஷன் வாயில வெக்கறதை விட டிசைன்லயே வெச்சுடறது எனக்கு ஆயிரம் மடங்கு பிடிச்சிருக்கு.

இன்னொண்ணு என்னை விடாம துரத்துது. நான் அந்த டம்ப்பைத் திறந்து யார் ரெக்கார்டைப் பார்த்தேன்னு உலகத்துல எந்த லாக்லயும், அதாவது சிஸ்டம் தானா எழுதி வெக்கற எந்தப் பதிவுலயும், கிடையாது. என் மெஷின்ல இருக்கற காப்பி, நான் என்ன குவெரி போட்டாலும் எவனுக்கும் தெரியாது. கையில ஆக்சஸ் இருக்கறவங்க என்ன பண்ணாங்கன்னு பதிவு இல்லாமப் போனா, இல்ல அப்படி ஒரு ஆக்சஸ் இருக்குன்னே மறைச்சா, என்ன ஆகும்னு பிரிட்டன் தபால் துறையோட ஹொரைசன் விவகாரம் சொல்லுது. ஹொரைசன்ங்கறது ஃபுஜிட்சு கம்பெனி பண்ணின கணக்கு சாஃப்ட்வேர், அதை 1999லேர்ந்து தபால் நிலையங்கள்ல போட்டாங்க. கணக்குல பணம் குறையுதுன்னு சிஸ்டம் காட்டுச்சு, தபால் நிலையம் நடத்தினவங்க நாங்க எடுக்கலன்னு கதறினாங்க, உதவிக்குப் போன் பண்ணினவங்க நிறைய பேர்கிட்ட "உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது"ன்னு சொல்லியிருக்காங்க. 900 பேருக்கு மேல திருட்டு, பொய்க் கணக்குன்னு தண்டனை வாங்கினாங்க, சிலர் ஜெயிலுக்குப் போனாங்க, வீட்டை இழந்தாங்க, உயிரை விட்டவங்களும் உண்டு. வெளியிலேர்ந்து ரிமோட்ல அந்தக் கணக்குகளை மாத்த முடியாதுன்னு பல வருஷம் சாதிச்சாங்க, முடியும்ங்கறது பின்னாடி தெரியவந்துச்சு. இதுல எனக்கு ரொம்ப வலிக்கறது, இங்கிலாந்துல முன்னாடி ஒரு சட்டப் பிரிவு இருந்துச்சு, கம்ப்யூட்டர் குடுக்கற ஆதாரத்தை கோர்ட்ல வெக்கணும்னா அந்தக் கம்ப்யூட்டர் சரியா வேலை செஞ்சுதுன்னு காட்டணும், அதை 1999ல கொண்டுவந்த சட்டம் எடுத்துடுச்சு. ஹொரைசன் உள்ள நுழைஞ்ச அதே சமயம். அதுக்கப்புறம் மெஷின் சரியாத்தான் இருக்கும்ங்கறது முன்முடிவு, தப்புன்னா அதை நீதான் காட்டணும், ஆனா காட்டறதுக்கான லாக் எல்லாம் எதிராளி கையில. 2019 டிசம்பர்ல நீதிபதி ஃப்ரேசர் சிஸ்டத்துல பக் இருந்துச்சுன்னு தீர்ப்பு எழுதினார், 2024ல தனிச் சட்டம் போட்டு தண்டனைகளை ரத்து பண்ணாங்க. போன இருபது வருஷத்தை எந்தச் சட்டத்தாலயும் ரத்து பண்ண முடியல.

அந்த டெவலப்பர்களும் என்னை மாதிரிதான் புகார் டிக்கெட்டைப் பார்த்து, கோடுல பேட்ச் போட்டு, வீட்டுக்குப் போயிருப்பாங்க. அவங்க சரி பண்ணின ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கம் ஒரு கவுன்ட்டரும் அதுக்குப் பின்னாடி ராத்திரி பூரா கணக்குப் பார்த்து அழுதுக்கிட்டிருந்த ஒரு ஆளும் இருந்தாங்க.

இப்ப ஏஐ வந்தப்புறம் டம்ப் எடுக்கற பழக்கமே வேற உருவத்துல வந்திருக்கு. எரர் வந்தா முழு லாகையும் காப்பி பண்ணி சாட்பாட்ல பேஸ்ட் பண்றோம், அதுல கஸ்டமர் மெயில் ஐடி இருக்கும், பாஸ்வேர்டு மாதிரி உள்ள விடற டோக்கன் இருக்கும், சில சமயம் முழு ரெக்கார்டே இருக்கும். 2023ல சாம்சங் எஞ்சினியர்கள் கம்பெனியோட சோர்ஸ் கோடை சாட்ஜிபிடில போட்டதுக்கப்புறம் அந்தக் கம்பெனி அந்த மாதிரி டூல்களுக்கே தடை போட்டாங்க. கம்பெனி தன்னோட கோடு போச்சுன்னா துடிக்குது. அந்த லாக்ல பேரு இருக்கற கஸ்டமருக்காகவும் யாராவது துடிக்கணும்னு நான் டீம்ல சொல்லிக்கிட்டே இருக்கேன். எரர் மெசேஜும், கோடுல எந்த வரில தப்பாச்சுன்னு காட்டற ஸ்டாக் ட்ரேஸும் போதும், மீதியை அழிச்சுட்டு பேஸ்ட் பண்ணுங்கன்னு. புதுசா சேர்ற பசங்களுக்கு ஒரு தடவை அந்த டைம்ஸோன் கதையைச் சொன்னா போதும், கேட்டுக்கறாங்க. அவ பேரை மட்டும் நான் எங்கயும் சொன்னது கிடையாது.

சம்பவம் நடந்து ஒரு மாசம் கழிச்சு அவகிட்டேர்ந்து போன் வந்துச்சு, "என்னடா, ஆளையே காணோம்"னு. குரல் தெளிவா இருந்துச்சு, சந்தோஷமா பேசினா. "இப்ப என்ன வேலை பண்ற"ன்னு கேட்டா, கிளினிக் சாஃப்ட்வேர்னு சொல்ல வாய் வரல, ஏதோ டேட்டாபேஸ் வேலைன்னு சொல்லிட்டேன். அவகிட்ட உண்மையைச் சொல்லணுமான்னு இன்னிக்கும் எனக்குள்ள முடிவாகல. சொன்னா என் மனசு லேசாகும், அவ மனசு கனக்கும். சொல்லாம இருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கவேண்டிய ஒண்ணை நான் மறைக்கறேன்.

போன வருஷம் வீட்டுல பழைய ஹார்டு டிஸ்க்கை க்ளீன் பண்ணிக்கிட்டிருந்தேன். லேப்டாப் மாத்தும்போது எடுத்த பேக்கப், அதுல டவுன்லோட்ஸ் ஃபோல்டர், அதுக்குள்ள அந்த ஜிப் ஃபைல் அப்படியே இருக்கு. அன்னைக்கே அழிச்சுட்டேன்னு நான் சத்தியம் பண்ணியிருப்பேன். டேட்டாபேஸை அழிச்சிருக்கேன், ஜிப்பை மறந்திருக்கேன், பேக்கப் தானா அதை எடுத்து பத்திரப்படுத்தியிருக்கு. டிஸ்க்கை முழுசா ஓவர்ரைட் பண்ணினேன், அப்புறம் அன்னைக்கு அதே லிங்க்கை டவுன்லோட் பண்ணின மத்த மூணு பேரையும் தேடிப்பிடிச்சு மெசேஜ் போட்டேன். ஒருத்தர் தேடிப் பார்த்துட்டு இல்லன்னார். இன்னொருத்தர்கிட்ட இருந்துச்சு, என் முன்னாடியே வீடியோ கால்ல அழிச்சார். மூணாவது ஆள் வேலையை விட்டப்பவே லேப்டாப்பைக் கம்பெனில திருப்பிக் குடுத்துட்டேன், அதுல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இல்லன்னார். அந்தப் பழைய கம்பெனி ஐடி டீமுக்கு மெயில் போட்டுக் கேட்டேன், அந்த லேப்டாப் என்ன ஆச்சுங்கன்னு. ரெண்டு வாரம் கழிச்சு பதில் வந்துச்சு, பழைய மெஷின்களை மொத்தமா வித்துட்டோம், ஃபார்மேட் பண்ணித்தான் குடுத்திருப்போம்னு நினைக்கறோம்னு.